பன்னிரண்டு மணிக் கோளாறு

"எங்கம்மாவா? நல்லா கேட்டீங்க போங்க! ஆறு வருஷத்துல ஒரு தடவையாவது என் கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப் பாத்தாங்களான்னு அவங்களையே கேளுங்க!"

பிரேமகுமார் போட்ட சத்தத்தில், கோப்பித் தட்டோடு வந்த அவன் அம்மா செல்லப்பாக்கியம் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

எதிரே சோபாவில் வக்கீல் லியாக்கத் அலி. மெஷின் கம்பெனி சார்பில் விசாரிக்க ஜொகூர் பாருவிலிருந்து கெலாங் பாத்தாவில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்திருந்தார். மேசையில் அவருடைய கைப்பேசி எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

"கோபப்படாதீங்க தம்பி. வீட்டுல இருக்கிற எல்லாரைப் பத்தியும் கேக்கணும் லா. அது என் வேலை."

"கோபப்படாம என்ன சார் செய்றது? மூவார்ல நாற்காலி மேசை செய்ற ஃபேக்டரி எத்தனை இருக்கு! மரம் அறுக்கிற மெஷினெல்லாம் உங்க கம்பெனியோட பழைய கெர்னல்லதான் ஓடுது. பத்து வருஷத்துக்கு முன்னாடியே அதைக் கைகழுவிட்டீங்க. ரிப்பேர் பண்ணிக் குடுங்கன்னு கேட்டா, புது மெஷின் வாங்குன்னு சொன்னீங்க. நாங்க இருபது பேரு சம்பளம் இல்லாம உக்காந்து, அதுக்குப் பதிலா ஒரு கெர்னல் எழுதி, யார் வேணும்னாலும் எடுத்துக்குங்கன்னு நெட்ல போட்டா, திருட்டுன்னு கேஸ் போடுவீங்களா? இது அடுக்குமா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. கெர்னல் என்பது மெஷினுக்குள் இருந்துகொண்டு எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் மென்பொருள். அதே வேலையைச் செய்யும் இன்னொன்றை, வெளியிலிருந்து கவனித்துச் சொந்தமாக எழுதினால் குற்றமில்லை. ஆனால் கம்பெனியின் மூல நிரலைப் பார்த்த யாரும் அதில் கைவைத்திருக்கக் கூடாது. பார்த்தவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் போச்சு, ஆறு வருட உழைப்பும் குப்பைக்குத்தான்.

"அச்சு அசலா அப்படியே இருக்கே தம்பி. அந்தப் பன்னெண்டு மணிக் கோளாறுகூட உங்களதுல இருக்கு. பாக்காம எப்படி எழுதினீங்க?"

வந்ததே ஆத்திரம் பிரேமகுமாருக்கு.

"அலமாக்! அதையா கேக்கிறீங்க? பகல் பன்னெண்டு அடிச்சா உங்க கெர்னல் ஒரு நிமிஷத்தை ரெண்டு தடவை எண்ணுது. எந்தக் கழுதை எழுதுச்சோ! பழைய மெஷினெல்லாம் அந்தத் தப்புக்கே பழகிப்போச்சு. நாங்க சரியா எழுதினா மெஷின் நின்னுடுது. ஏன் நிக்குதுன்னு தெரியாம நாலு மாசம் பைத்தியக்காரன் மாதிரி அலைஞ்சேன் சார். கடைசில அந்தக் கழுதை பண்ண தப்பையும் சேத்து எழுத வேண்டியதாப் போச்சு!"

செல்லப்பாக்கியம் கோப்பியை வக்கீல் முன்னால் வைத்தார். கொஞ்சம் தட்டில் சிந்தியது.

"அந்த நாலு மாசத்துல அம்மாகிட்ட எதுவும் பேசலையா?"

"பேச விட்டாத்தானே! கம்ப்யூட்டர்னு வாயைத் திறந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுவாங்க. ஹால்ல போர்டு மாட்டி எழுதி வச்சேன், கைலியப் போட்டு மூடிட்டாங்க. ஒருநாள் தாங்க முடியாம அழுதுட்டேன். மெஷின் நிக்குதும்மான்னுதான் ஆரம்பிச்சேன். எந்திரிச்சு செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டாங்க. கொட்டுற மழையில சார்!"

அவன் அம்மாவை நோக்கிக் கையை நீட்டினான்.

"சிங்கப்பூர் ஆபீஸ்ல ஒன்பது வருஷம் டைப் அடிச்சதாச் சொல்வாங்க. கம்ப்யூட்டரே பாக்காதவங்களா இவங்க? பெத்த புள்ள இவ்வளவு கஷ்டப்படுறானே, நல்லா வரும்யான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சிடும்? கல் மனசு!"

"கோப்பி ஆறுது" என்றார் செல்லப்பாக்கியம். டிவிக்கு எதிரே இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"அந்த நாலு மாசத்துக்கு ஆதாரம் இருக்கா தம்பி?"

"நெட்ல போய்ப் பாருங்க. லாயர் இல்லாம பேசாதேன்னு கூட்டாளிங்க சொன்னாங்க. எனக்கென்ன பயம்? எங்க வேலையில ஒளிவுமறைவே கிடையாது. நான் தப்பா எழுதினது, அழிச்சது, மத்தவங்ககிட்டக் கெஞ்சினது எல்லாமே தேதியோட கிடக்கு."

"பாத்துட்டேன்" என்று லியாக்கத் அலி கைப்பேசிப் பதிவை நிறுத்தினார். "நூத்திப் பதினோரு தடவை தப்பா எழுதியிருக்கீங்க. விடையை யாராவது காதுல போட்டிருந்தா இத்தனை தடவை ஒருத்தன் முட்டிக்க மாட்டான். இப்ப நீங்க அழுத அழுகையையும் கேட்டுட்டேன். இந்தக் கேஸ் நிக்காதுன்னு கம்பெனிக்கு எழுதிடுறேன்."

பிரேமகுமாரால் நம்ப முடியவில்லை. மூவார் மெஷின்கள் ஓடும். ஆறு வருடமும் வீணாகவில்லை. ஆனாலும் கோபம் மட்டும் முழுசாக இறங்கவில்லை.

"அப்புறம் எதுக்கு சார் எங்கம்மாவைப் பத்தியே அந்தக் குடை குடைஞ்சீங்க?"

வக்கீல் வாசலில் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். செல்லப்பாக்கியத்தைப் பார்த்து மரியாதையாகத் தலை தாழ்த்தினார்.

"கம்பெனியோட பழைய ஆளுங்க பட்டியல்ல முதல் பேரே இவங்களோடதுதான் தம்பி. நீங்க திட்டித் தீர்த்தீங்களே, அந்தக் கெர்னலை எழுதினதே இவங்கதான்."

பிரேமகுமார் மெதுவாகத் திரும்பினான்.

"அம்மா... அப்ப அந்தப் பன்னெண்டு மணி..."

செல்லப்பாக்கியம் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார்.