கழுவிய கொக்கோ

காப்பி விவசாயி சோலைமுத்து அலையாய் அலைந்து, தம் முதல் கொக்கோ விளைச்சலுக்கு வெளிநாட்டு வியாபாரி ஒருவரைப் தம் மலையூரான பெரும்பாறைக்கே வரவழைத்துவிட்டார்.

“காப்பிக்கொட்டையைவிட ரெண்டு தண்ணி கூடவே கழுவியிருக்கேன், தம்பி. சொல்லுங்க!” என்று மொழிபெயர்க்க வந்த அருள்தாஸிடம் பெருமையோடு சொன்னார்.

வந்தவர் ஒரு கொட்டையைக் கடித்தார்; முகம் சுளித்தார்.

“கழுவவே கூடாதாம், ஐயா. சதையோட குவிச்சுப் புளிக்க வச்சாத்தான் சாக்லேட் வாசம் வருமாம். அப்படிக் குவியல் இருந்தாக் காட்டச் சொல்றாரு. அது நல்லாயிருந்தா, இனிமே உங்க விளைச்சல் முழுக்க அவரே வாங்கிக்குவாராம்” என்று மொழிபெயர்த்தார் அருள்தாஸ்.

சோலைமுத்து திகைத்து மனைவியைப் பார்த்தார்.

“என்னைய ஏன் பாக்கிறீங்க?” என்றாள் ஞானம்மா. “நான் கழுவாமப் போட்ட குவியல் நாறுதுன்னு, என்னையச் சோம்பேறின்னு வைஞ்சுக்கிட்டே காலையில வெள்ளனே குழி வெட்டிப் புதைச்சது நீங்கதானே?”