கண்ணாடிப் பொட்டு

“அந்தப் பொட்டைச் சுரண்டி எடு. இன்னைக்கே” என்றார் சிகாபுதீன்.

மட்டாஞ்சேரி ஜூ டவுனில் அவருடைய பழம்பொருள் கடை. வசந்தி அங்கே தூசி தட்டி, துடைத்து வைக்கிறவள். பொட்டு, ஆளுயர ஈட்டிமரக் கண்ணாடியில் இருந்தது. எந்த வீட்டுப் பெண் நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டு மறந்தாளோ, சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.

“அது பாட்டுக்கு இருக்கட்டுமே இக்கா.”

“பறஞ்சதைச் செய்யி.”

வசந்திக்குப் புரிந்துவிட்டது. எதிரே சுக்குக் கிடங்கில் வேலை பார்க்கும் சந்தனமாரி, சாயங்காலமானால் இந்தக் கண்ணாடி முன்னால் வந்து நிற்பாள். உடம்பெல்லாம் சுக்குத் தூள் ஒட்டியிருக்கும். நெற்றி மட்டும் வெறுமை. வைப்பின் தீவுப் பக்கம் கடலில் படகு கவிழ்ந்து புருஷன் போய் ஒரு வருஷம். வீட்டில் மாமியார் அவள் நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவாள்.

சந்தனமாரி கால்விரல் நுனியில் எக்கி, தலையைச் சற்றே சாய்ப்பாள். கண்ணாடிக்குள் அந்தப் பொட்டு அவள் நெற்றியில் வந்து உட்காரும். மழை, தெரு, சுக்கு நெடி எல்லாம் எங்கோ விலகிப் போகும். கால் நடுங்கும்வரை நிற்பாள்.

“உள்ளே என்னக்கா தெரியுது?” என்று வசந்தி ஒருமுறை கேட்டாள்.

“அவரு இன்னும் கடலுக்குப் போகலை” என்றாள் சந்தனமாரி, கண்ணை எடுக்காமல்.

வசந்தி முதலாளியிடம் திரும்பினாள். “அவ எதுவும் வாங்க மாட்டா. அதானே உங்களுக்குக் கடுப்பு?”

“சாயா குடிச்சிட்டு வர்றேன். வரும்போது அது இருக்கக் கூடாது.”

பழைய பசை. நகத்துக்கு மசியவில்லை. தேங்காயெண்ணெய் தடவி, பிளேடால் சுரண்டினாள். வாய்க்குள் அவரைத் திட்டிக்கொண்டே சுரண்டினாள்.

சந்தனமாரி வந்தாள். வழக்கம்போல எக்கினாள். சாய்ந்தாள். இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். பிறகு, விழுந்திருக்குமோ என்று தரையில் தேடினாள்.

வசந்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஏய், நில்லு.” வாசலில் சிகாபுதீன்.

“இனிமே வரமாட்டேன் முதலாளி.”

“நில்லுன்னேன். கண்ணாடி முன்னாடி. எக்காதே. பாதம் தரையில இருக்கட்டும்.”

சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வசந்தியிடம் நீட்டினார். புது ஸ்டிக்கர் பொட்டு.

“பழசு ரொம்ப உசரத்துல இருந்துச்சு. இவ உசரத்துக்கு ஒட்டு.”