முதல் வரியில் ஒரு பெயர்

"கட்டுரையை இன்று அனுப்ப வேண்டாம். எண்ணிக்கையில் பெரிய தவறு இருக்கிறது."

காலையில் வந்து கம்ப்யூட்டரைத் திறந்ததும் இந்த ஈமெயில்தான் அவளை வரவேற்றது. அனுப்பியவன் அளவுகோல். அனுப்பியது அவர்களுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடத்துக்கு. போனால் போகிறதென்று அவளுக்கும் ஒரு நகல்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அளவுகோல் என்பது லேபில் எல்லோருமாக வைத்த பெயர். போன வருஷம்தான் வந்து சேர்ந்தான். புரதத்துக்குள் எந்த அணுவிலிருந்து எந்த அணு எவ்வளவு தூரம் என்று அளக்காவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. தாராளமாக அளக்கட்டும். நாலு வருஷமாக அவள் உயிரைக் கொடுத்துச் செய்த வேலையில் வந்துதானா அளக்க வேண்டும்?

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீளமான சங்கிலி. அது மடங்கிச் சுருளும்போது, சங்கிலியில் எங்கோ தள்ளி இருப்பவைகூட ஒன்றையொன்று தொடும். எது எதைத் தொடுகிறது என்று எண்ணுவதற்கு, சேர்ந்த முதல் வருஷமே அவள் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். அதில் அகப்பட்டதுதான் நாற்பத்தெட்டாம் அமிலம். அது ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு மொத்தப் புரதத்தையும் தாங்குகிறது என்பதுதான் கட்டுரையே.

கட்டுரை போகிற கையோடு, பிஎச்.டி.க்கான ஆறு மாத நீட்டிப்புக் கடிதத்தில் மேடம் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. இன்று கடைசி நாள். நீட்டிப்பு இல்லையென்றால் பட்டமும் இல்லை, மூட்டை கட்ட வேண்டியதுதான். சரிபார்க்காமல் கொடுத்து ஏற்கெனவே இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். "மூணாவதா உன் தப்புன்னு ஒண்ணு வந்தா, நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று மேடம் போன மாதமே சொல்லியாகிவிட்டது. மேடம் சொன்னால் சொன்னதுதான்.

நேராக அவன் மேசைக்குப் போனாள்.

"என் மேல உங்களுக்கு என்ன அவ்வளவு வயித்தெரிச்சல்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நேத்து சாயங்காலம் மூணு தடவை கூப்பிட்டேன். நீங்க எடுக்கல. மேடம் காலையில முதல் வேலையா அனுப்பிடுவாங்கன்னுதான்..."

எடுக்கவில்லைதான். அவன் பெயரைப் பார்த்ததுமே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். அந்த நாற்பத்தெட்டு ஓர் இடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கிறது. அதனால் புரதத்தின் வடிவத்தைப் பதிந்த ஃபைலில், சங்கிலியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அதன் கிளையை இரண்டு இடத்தில் குறித்திருக்கிறார்கள். இங்கே இருந்தால் அங்கே இருக்காது. புரோகிராமோ இரண்டையும் சேர்த்து எண்ணிவிட்டது.

"பாதி நேரம் அந்தப் பக்கம், பாதி நேரம் இந்தப் பக்கம். ரெண்டையும் ஒண்ணாப் பிடிக்கவே இல்ல."

வாசலில் ஒன்றும் மாடியில் ஒன்றுமாக ஒரே ஆளை எடுத்த இரண்டு படங்களைப் பார்த்துவிட்டு, வீட்டில் இரண்டு பேர் என்று சொன்ன கதைதான். அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

அது இப்படி அசைவதைப் பற்றியே எழுதலாம், மூன்று வாரத்தில் கட்டுரையை நிமிர்த்திவிடலாம் என்றெல்லாம் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குள் மேடம் இருவரையும் கூப்பிட்டுவிட்டார்.

மேடத்தின் திரையில் அந்தப் புரோகிராம் திறந்திருந்தது. எந்தப் புரோகிராம் ஆனாலும் முதல் வரியில் எழுதியவர் பெயரும் எழுதிய தேதியும் இருக்க வேண்டும் என்பது லேபில் மேடம் போட்ட சட்டம். யார் தலை உருள வேண்டும் என்று தெரிய வேண்டுமாம்.

அவள் தன் தலையைக் கொடுக்கத் தயாராக நின்றாள்.

மேடம் முதல் வரியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அளவுகோலைப் பார்த்தார்.

"உன் பேரா இருக்கு?"

"ஆமா மேடம். நான் எழுதிக் கொடுத்ததுதான். அவங்க மேல தப்பு இல்ல."

அவள் திகைத்துப் போனாள். அதற்குப் பிறகு பத்து நிமிஷம் மேடம் அவனைப் பிடித்த பிடி இருக்கிறதே, பக்கத்து அறையில் ஆள் எழுந்து கதவைச் சாத்தினார். அவன் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டான்.

வெளியே வந்ததும் அவனை மடக்கினாள். "எதுக்கு இப்படிச் செஞ்சீங்க?"

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. திட்டு வாங்கினா ஒண்ணும் குறைஞ்சு போகாது. உங்களுக்கு இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு." சொல்லிவிட்டுப் பழையபடி அளக்க உட்கார்ந்துவிட்டான்.

தப்பித்தாயிற்று. அப்பாடா என்று சாய்ந்து உட்கார வேண்டியதுதானே? உட்கார்ந்தாள், முடியவில்லை. கால் மணி நேரம் தவித்துவிட்டு, வருவது வரட்டும் என்று மறுபடி மேடத்தின் அறைக்கே போனாள்.

"மேடம், அந்தப் புரோகிராம் நான் எழுதினது. தப்பு என்னுது."

மேடம் மேசையில் இருந்த கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். நீட்டிப்புக் கடிதம். கையெழுத்துப் போட்டு மை காய்ந்தே போயிருந்தது.

"தெரியும்" என்றார். "காலையில வந்து பேரை மாத்தியிருக்கான். தேதியை மாத்த மறந்துட்டான். அந்தத் தேதியில அவன் இந்த லேபுக்கே வரல. இருந்தாலும் சட்டப்படி முதல் வரியில இருக்கிற பேருதான் கணக்கு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரிஞ்சுமா அவரை அப்படித் திட்டினீங்க?"

"பின்னே?" மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பொய்யைக்கூட ஒரு தடவை சரிபார்க்காமலா கொண்டுவந்து கொடுக்கிறது?"