சுற்றி வராத கரை
கடலுக்குள் நீண்டுகிடக்கும் நிலத்தின் முனையில், இடிந்த கோட்டையின் வாசலில் திரௌபதி நிற்கிறாள். கணவர் அப்பாசாமி வேர்க்கடலை முடிந்து கொடுத்த துண்டு கையில் கசங்குகிறது. கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு வருவதாகப் போன மனிதரை இன்னும் காணோம். வெயில் மதிலைவிட்டு இறங்குகிறது. சுற்றுலா பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அவர்கள் ஊரான அடி அண்ணாமலையில், கிரிவலத்தில் யாராவது பிரிந்துவிட்டால் தேடி அலைவதில்லை. நின்ற இடத்திலேயே நின்றால் போதும், மற்றவர் மலையைச் சுற்றி வந்துவிடுவார். “போய்த் தேடும்மா,” என்கிறார் டிரைவர். “சுத்திக்கினு வந்துடுவாருங்க,” என்கிறாள் திரௌபதி. “எதைச் சுத்திக்கினு? மூணு பக்கமும் கடல்தாம்மா!” அலைச் சத்தம் திடீரெனப் பெரிதாகக் கேட்கிறது. அப்பாசாமியும் அதே ஊர்தானே. இவள் சுற்றி வருவாள் என்று எங்கோ அசையாமல் நின்றுகொண்டிருப்பார்.