எறும்பு வராத டப்பா

மனைவி சுமினாவின் அலமாரியில், சரோங்குகளுக்கு அடியில் ஒரு தகர டப்பா. அதைச் சுற்றி எறும்புச் சாரை. திறந்தால், டப்பா நிறைய இஞ்சி மிட்டாய்!

வகிமானுக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மிட்டாயின் உறையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார். முதலில் சர்க்கரை. அடுத்தது குளுக்கோஸ் பாகு.

"மூட்டு வலி, மூச்சு வாங்குதுன்னு ஊரெல்லாம் புலம்பறா. இங்க பார்த்தா திருட்டுத் தீனி!"

கேட்டால் சண்டை வரும். சோலோ நகரக் கடைத்தெருவுக்குப் போய், அதே நிற உறையில் சர்க்கரை சேர்க்காத மிட்டாய் வாங்கி வந்து சத்தமில்லாமல் மாற்றி வைத்தார். 'என் புண்ணியத்துல நல்லா இருந்துட்டுப் போ' என்று சிரித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு காலை, தான் வளர்க்கும் பாட்டுப்புறாவின் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தவருக்குக் கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. கால் மடங்கித் தரையில் சரிந்தார்.

"ஐயோ! இன்சுலின் ஊசியப் போட்டுட்டு சாப்பிடாமயே புறாகிட்ட வந்துட்டீங்களா?" சுமினா உள்ளே ஓடி அந்த டப்பாவோடு வந்தாள். "சர்க்கரை இறங்கிப்போற இந்த மாதிரி நேரத்துக்குத்தான் வாங்கி வெச்சேன். கண்ணுல பட்டா ஒரே நாள்ல தின்னு தீர்த்துடுவீங்கன்னு ஒளிச்சேன். வாயத் திறங்க!"

ஒன்றைத் திணித்தாள். இன்னொன்றையும் திணித்தாள். நடுக்கம் நிற்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தார் வகிமான். நாக்கு குழறியது.

சுமினாவின் பார்வை டப்பாவின் மேல் நிலைத்தது.

"என்னங்க... ஒரு வாரமா இதுல ஒரு எறும்புகூட வரலையே?"