அரக்கியின் தாடை

"இது என் மூஞ்சி இல்லாம வேற யார் மூஞ்சியாம்? இந்தத் தாடை யாரோடது, சொல்லு."

வீட்டுக்காரம்மாவின் குரல் மாடிப்படி இறங்கித் தெருவுக்கே வந்துவிட்டது. அவள் கையில் செல்போன். அதில் ஏழரை மணித் தொடரின் அரக்கி, பல்லைக் காட்டியபடி அப்படியே நின்றுபோயிருந்தாள். எதிரே, மாடி அறைக்குக் குடிவந்து ஆறு மாதமாகியிருந்த முகமூடிக்காரன். தொடர்களுக்கும் பேய்ப் படங்களுக்கும் ரப்பரில் கோர முகங்கள் செய்து கொடுப்பவன்.

"அம்மா, அதுக்கு மூணு கொம்பு இருக்கு" என்றான்.

"கொம்பை எடுத்துட்டுப் பாரு."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கொம்பு, கோரைப்பல், கன்னத்துக் கொப்புளம் எல்லாவற்றையும் மனசுக்குள் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது அந்தச் சதுரத் தாடை, எப்போதும் ஒரு படி மேலே ஏறி நிற்கும் இடது புருவம், அடுத்த வீட்டுச் சமாசாரத்தை மோப்பம் பிடிக்கிற மாதிரி விரிந்த மூக்கு. கீழ்வீட்டுத் தையல்காரி முதல் நாளே இதைக் கண்டுபிடித்துவிட்டாள். வீட்டுக்காரம்மாவைத் தவிர எல்லோரிடமும் சொல்லியும் விட்டாள்.

வீட்டுக்காரம்மாவுக்கு வேறு நேரமாக இருந்தால் இது இவ்வளவு சுட்டிருக்காது. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஒரே மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். நல்ல இடம், இரண்டு வருஷம் அலைந்து பிடித்தது. அந்த மாப்பிள்ளையின் அக்கா காலையில் போன் செய்து, "என்ன அத்தை, டிவியில எல்லாம் வர்றீங்களாமே" என்று சிரித்தாள். அரக்கி வீட்டில் சம்பந்தம் செய்தார்கள் என்று நாலு பேர் பேசினால் அந்த இடம் நிற்குமா? உடனே டிவி நிலையத்துக்கும் போன் செய்து, இந்த வாரமே அரக்கியைக் கொன்றுவிடுங்கள் என்று கட்டளையிட்டுப் பார்த்தாள். கதைப்படி அவளுக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

இதற்குமேல் அவனிடம் பழைய பாக்கிக் கோபங்களும் இருந்தன. ரப்பர் நாற்றம். குழாயில் அடைப்பு. படியெல்லாம் வெள்ளை மாவு, துவைத்த துணியிலும் மகளின் தலைமுடியிலும்கூட. எல்லாவற்றையும் இப்போது வரிசையாக எடுத்து வீசினாள்.

அவன் எல்லாம் முடியும்வரை துண்டில் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு நிதானமாகச் சொன்னான்.

"அம்மா, எந்த அரக்கிக்கும் அடியில ஒரு மனுஷ முகம் வேணும். பாதி தெரிஞ்ச முகமா இருந்தாத்தான் பாக்கறவங்களுக்குக் குலை நடுங்கும். அதுக்கு அச்சு எடுக்கணும். மூஞ்சி பூரா பிளாஸ்டர் மாவைப் பூசி, மூச்சு விட மூக்குல ரெண்டு குழாயை வெச்சுட்டு, அரைமணி நேரம் வாயைத் திறக்காம உக்காரணும். நீங்க என்னைக்காவது அரைமணி நேரம் வாயைத் திறக்காம உக்காந்திருக்கீங்களா?"

சத்தம் கேட்டுப் படியில் கூடியிருந்த கூட்டம் பொசுக்கென்று சிரித்துவிட்டது. அந்த அரைமணி நேரத்துக்கு ஏங்கி ஏங்கியே அவள் புருஷன் போய்ச் சேர்ந்தார் என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம்.

"அப்ப யாரு உக்காந்தா?"

"அதைச் சொல்றது தொழில் தர்மம் இல்லம்மா."

மகள் துணிக்கூடையோடு நடுவில் வந்தாள். "விடும்மா. சத்தியமா அது உன் முகம் இல்ல."

"நீ சும்மா இரு. என் ஜாடை உனக்கென்னடி தெரியும்? நீ உங்கப்பாவை உரிச்சு வெச்சவ." தான் லட்சணம் இல்லை என்பதில் வீட்டுக்காரம்மாவுக்குக் குழப்பமே கிடையாது. மகளுக்கு அப்பா ஜாடை என்பதுதான் அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த ஒரே பெருமை.

பேச்சு அதோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அறை காலியாக வேண்டும் என்றாள். அவன் சனிக்கிழமையே காலி செய்தான். சாக்கு மூட்டையில் தலைகள் பிதுங்க அவன் வண்டி ஏறியதை அவள் வாசலில் நின்று திருப்தியாகப் பார்த்தாள்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண்தான் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் தையல்காரி வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று சொன்னவள், வெகு தூரத்து ஊர் ஒன்றுக்குப் போய், அந்த வாரமே முகமூடிக்காரனோடு பதிவுத் திருமணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். அம்மா போன் செய்தாள். மகள் எடுக்கவில்லை. அம்மா இரண்டாம் முறை செய்யவில்லை.

பத்து நாள் கழித்து மாடி அறையைப் பெருக்கப் போனபோது பரண்மேல் பிளாஸ்டரில் வார்த்த ஒரு வெள்ளை முகம் இருந்தது. கண் மூடி, வாய் மூடி. அதே தாடை, அதே புருவம், அதே மூக்கு.

"நான் சொன்னேன்ல, என் மூஞ்சிதான்னு" என்று தையல்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். காட்டும்போது முகம் வெளிச்சத்தில் கொஞ்சம் திரும்பியது. கீழுதட்டுக்குக் கீழே, மூன்று வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்த மகளுக்குப் போட்ட இரண்டு தையலின் வடு.

வீட்டுக்காரம்மா தரையிலேயே உட்கார்ந்தாள். தையல்காரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். முழுசாக அரைமணி நேரம்.

இப்போது ஏழரை மணிக்கு அந்த வீட்டில் சத்தமே கேட்பதில்லை. போன வாரம் அரக்கியின் முடிவு நெருங்குகிறது என்று விளம்பரம் வந்ததும், வீட்டுக்காரம்மா மறுபடி டிவி நிலையத்துக்குப் போன் செய்தாள்.

"அவளைக் கொன்னுடாதீங்கப்பா" என்றாள். "எம்பொண்ணு மூஞ்சியை நான் வேற எங்க போய்ப் பாப்பேன்?"