நாற்பதாம் நாள் விருந்து

கோழியைத் தூக்கிக்கொண்டு காம்பரா அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள் பூரணி.

வேறொரு நாளென்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இன்றைக்கு அவள் பிள்ளைக்கு நாற்பது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பேர் வைத்து, வந்த சனத்துக்குச் சோறு போடுகிற நாள். நல்ல நேரம் பதினொன்றரை வரைக்கும்தான். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

தேயிலைத் தோட்டத்து லயத்தின் வாசல் இஸ்தோப்பில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார் சோலைமலை. பூரணியின் புருஷன் கிஷாந்துக்குப் பெரியப்பா. பிள்ளையின் காதில் பேர் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"ஏன்டா கிஷாந்து, ஒம் பொஞ்சாதி புள்ளைக்குப் பேரு வைக்கப் போறாளா, கோழிக்கா?"

இஸ்தோப்பே சிரித்தது. கிஷாந்த் தலையைச் சொறிந்தான்.

"இல்ல பெரியப்பா, பண்ணையில இருந்து விருந்துக்குன்னு நாலு கோழி அனுப்புனாங்க. அவ புள்ளையக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தா. வந்து பாக்குறதுக்குள்ள மூணை வெட்டிட்டோம். நாலாவதப் புடுங்கிக்கிட்டு உள்ள ஓடிட்டா."

"அடடே! அஞ்சு வருசமா அந்தக் கோழிப் பண்ணையில சம்பளம் வாங்குனவ. தடவைக்கு ரெண்டாயிரம் கோழிய லொறியில ஏத்தி விட்டவ. அவளுக்கு இன்னைக்குத்தான் பாவ புண்ணியம் தெரிஞ்சிச்சாமா?"

அடுப்படியில் ஜீவராணியின் காதிலும் அது விழுந்தது. கிஷாந்தின் அக்கா அவள். இந்த விருந்துக்குச் சமைக்கவென்று வட்டவளையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள். தம்பி வீட்டு மானம் இப்படி வாசலில் சிரிப்பாய்ச் சிரிக்கிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டியும் கையுமாகப் போய்க் கதவைத் தட்டினாள்.

"இந்தாடி பூரணி, நான்தான். தொற. கோழியக் குடுத்துட்டு வெளிய வா."

உள்ளேயிருந்து 'கீச்... கீச்...' என்று மெல்லிசாய் ஒரு சத்தம். கதவு திறந்தது.

பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலுக்குக் கீழே, சாக்கின் மேல் அந்த வெள்ளைக் கோழி. இரண்டு கிலோவுக்குக் குறையாது. சத்தம் அதிலிருந்துதான் வந்தது.

ஜீவராணி வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கிறவள். இந்த உடம்புக்கு அது கொக்கரிக்க வேண்டுமே!

"என்னடி இது? இம்மாம் பெரிய கோழி குஞ்சு கணக்கா கத்துது?"

"குஞ்சுதான் மதினி."

"எந்திரிக்கவும் மாட்டேங்குது. கால் ஒடிஞ்சிருச்சா?"

"ஒடியல. ஒடம்பு பாரத்த கால் தாங்கல. வயசு பத்தாதுல்ல."

ஜீவராணி பெருமூச்சு விட்டாள். "பாவந்தான். இல்லைங்கல. ஆனா நீ பாக்காத கோழியா? ஒன் கையாலதானே எல்லாத்தையும் ஏத்தி விட்ட?"

"ஏத்தி விட்டேன்தான். அப்ப எனக்குப் புள்ள இல்ல மதினி."

பூரணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவை குஞ்சுப் பெட்டி வந்தப்ப வயித்தத் தள்ளிக்கிட்டு நான்தான் எறக்குனேன். இதுங்க எல்லாம் அன்னைக்குக் காலையில பொரிச்சதுங்க. கையில எடுத்தா கொழுந்து மாதிரி, கனமே இல்ல. கடைசிப் பெட்டிய எறக்குறப்பதான் எனக்கு இடுப்பு வலி வந்துச்சு. பொழுது சாய இவ பொறந்துட்டா."

ஜீவராணி தொட்டிலைப் பார்த்தாள். கீழே பார்த்தாள்.

"பாப்பா தூங்கணும்னு நாம ராவுல லைட்ட அணைக்கிறோம். அதுங்க தின்னுக்கிட்டே இருக்கணும்னு அங்க லைட்ட அணைக்கிறதே இல்ல மதினி. இருட்டையே பாத்ததில்ல அதுங்க. இன்னைக்கு அத்தனையையும் லொறியில ஏத்துறாங்க."

அடுப்பில் மூன்று கோழியும் குழம்பாகக் கொதிக்கிற வாசம் கதவு வழியாக வந்தது.

ஜீவராணி கரண்டியைக் கீழே வைத்தாள். மூலையில் கிடந்த கூடையை எடுத்துக் கோழியின் மேல் மெதுவாகக் கவிழ்த்தாள்.

"இத எவனும் தொட மாட்டான். நான் பாத்துக்கிறேன். எந்திரி, மொகத்தக் கழுவு. நேரம் போவுது."

வெளியே வந்து சத்தமாகவே சொன்னாள்: "அவளுக்குத் தல சுத்திருச்சு பெரியப்பா. பச்ச ஒடம்புதானே. வாங்க, வந்து பேரச் சொல்லுங்க."

சோலைமலை பிள்ளையின் காதில் மூன்று தரம் 'தர்ஷிகா, தர்ஷிகா, தர்ஷிகா' என்றார். சனம் குலவை போட்டது. பந்தி உட்கார்ந்தது.

ஜீவராணிதான் கறி பரிமாறினாள். சோலைமலை இலையில் இரண்டாம் தடவையும் போட்டாள்.

"ஆஹா! எளங்கறி. பஞ்சு மாதிரில்ல இருக்கு! நீ சாப்புடல?"

"பசிக்கல பெரியப்பா."

அப்போது பண்ணைப் பக்கமிருந்து லொறி உறுமிக்கொண்டு மேடேறி வந்தது. பின்னால் கூடை மேல் கூடையாக அடுக்கி, ஓட்டைக்கு ஓட்டை வெள்ளைத் தலைகள். லயத்து வளைவில் அதை ஓட்டி வந்தவன் காது கிழிய ஹோர்ன் அடித்தான். ஓர் இறகு பறந்து வந்து பந்திப் பாயில் விழுந்தது.

பூரணியின் மடியிலிருந்த பிள்ளை தூக்கிவாரிப் போட்டு வீறிட்டது. பூரணி அதன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

சோலைமலைக்கு வந்ததே கோபம். கறிக் கையோடு எழுந்து பாதைக்கு ஓடினார்.

"யோவ் டைவர்! கண்ணு தெரியல? மெதுவாப் போய்யா! நாப்பது நாள் பச்சப்புள்ளைய்யா!"